வராத வெளிச்சத்தின் கணக்கு

ரசமோ குழம்போ பொங்கி அடுப்பில் வழிந்தால், அதுவரை நீலமாக நின்ற காஸ் சுடர் மஞ்சளாகத் துள்ளும். அடுப்பைக் குறைத்துவிட்டு துணியைத் தேடும் அவசரத்தில் யாரும் அதைக் கவனிப்பதில்லை. அந்த மஞ்சள், குழம்பில் போட்ட உப்பிலிருக்கும் சோடியத்தினுடையது. சுடரின் வெப்பத்தில் உப்பு உடைந்து சோடியம் தனித்தனி அணுவாகிறது. சூட்டை வாங்கிய அணுவின் எலக்ட்ரான் ஒன்று மேல் நிலைக்குத் தாவுகிறது; அங்கே அதனால் நிலைக்க முடியாது. நொடியின் கோடியில் ஒன்றிரண்டு பங்குக்குள் கீழே விழுந்து, வாங்கிய ஆற்றலை ஒளியாகக் கொடுத்துவிடுகிறது. அந்த ஒளியின் அலைநீளம் 589 நானோமீட்டர். சோடியம் மெரீனாக் கடல்நீரிலிருந்து வந்தாலும் சரி, ரசத்திலிருந்து வந்தாலும் சரி, இந்த எண் மாறாது.

ஒவ்வொரு உலோகத்துக்கும் இப்படிச் சொந்த எண்கள் உண்டு. தீபாவளி மத்தாப்பில் சிவப்பு ஸ்ட்ரான்சியத்தின் வேலை, பச்சை பேரியத்தின் வேலை. ஜெர்மனியில் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் வேதியியலர் புன்சனும் இயற்பியலர் கிர்க்கோஃபும் 1859-60இல் இதையே ஒரு துப்பறியும் கலையாக மாற்றினார்கள். சுடரில் பொருளைக் காட்டுவது, வரும் ஒளியை முப்பட்டகத்தால் பிரிப்பது, எந்த இடத்தில் கோடு தெரிகிறது என்று பார்ப்பது, அவ்வளவுதான். டுர்க்கைம் என்ற ஊரின் ஊற்றுநீரில் யாருக்கும் தெரியாத இரண்டு நீலக் கோடுகள் தெரிந்தன. 1860இல் சீசியம் என்ற புதுத் தனிமம் பிறந்தது. மறு ஆண்டே ரூபிடியம்.

ஆனால் இந்தக் கட்டுரை மிளிரும் கோடுகளைப் பற்றியதல்ல, இருண்ட கோடுகளைப் பற்றியது.

சூரிய ஒளியைப் பிரித்துப் பார்த்தால் வண்ணப்பட்டையின் குறுக்கே மெல்லிய கறுப்புக் கோடுகள் ஓடுவது தெரியும். கண்ணாடி செய்வதில் மன்னரான ஃபிரான்ஹோஃபர் 1814 வாக்கில் 500க்கு மேற்பட்ட கோடுகளை எண்ணிப் படமாக வரைந்து, முக்கியமானவற்றுக்கு எழுத்துகளைப் பெயராக வைத்தார். மஞ்சள் பகுதியில் ஒட்டியிருக்கும் இரட்டைக் கோடு ‘டி’. அது ஏன் இருட்டாக இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. கிர்க்கோஃப் ஒரு சோதனை செய்தார். சூரிய ஒளி வரும் பாதையில் உப்புச் சுடர் ஒன்றை வைத்தார். சுடரின் மஞ்சள் ஒளி அந்தக் கறுப்புக் கோட்டை நிரப்பி மறைத்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வெயில் மங்கலாக இருந்தபோது அப்படித்தான் நடந்தது. வெயில் வலுத்ததும் கோடு முன்னைவிடக் கறுத்தது! சோடியம் எந்த ஒளியைக் கொடுக்கிறதோ, துல்லியமாக அதே ஒளியைத்தான் எடுத்துக்கொள்ளவும் செய்கிறது. அப்படியானால் சூரியனின் கறுப்புக் கோடுகள், சூரியனின் வெளி அடுக்கில் மிதக்கும் அணுக்கள் விழுங்கிய ஒளியின் தடங்கள். 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இரும்பும் கால்சியமும் இருப்பதை இங்கே உட்கார்ந்தபடி சொல்லிவிடலாம்.

வானியலர்கள் இந்தத் தடங்களை விடவே இல்லை. கொடைக்கானல் மலையில் 1901 முதல் இயங்கும் சூரிய ஆய்வகத்தில் ஜான் எவர்ஷெட் 1909இல் சூரியப் புள்ளிகளின் அருகே இந்தக் கறுப்புக் கோடுகள் சற்றே நகர்ந்திருப்பதைக் கண்டு, அங்கே வாயு கிடைமட்டமாக வெளிநோக்கிப் பாய்கிறது என்று காட்டினார். ‘எவர்ஷெட் விளைவு’ என்று இன்றும் உலகப் பாடநூல்களில் இருப்பது நம் பழனிமலைத் தொடரில் பிறந்த பெயர்.

வேடிக்கை என்னவென்றால், மண்ணில் வேலை பார்த்த வேதியியலர்கள் மட்டும் இந்த இருட்டுப் பக்கத்தைக் கிட்டத்தட்ட முழுவதும் மறந்துவிட்டார்கள். பாதரச ஆவியை அளப்பது போன்ற ஓரிரு வேலைகளைத் தவிர, ஏறக்குறைய 90 ஆண்டுகள் உலோகப் பகுப்பாய்வு என்றால் பொருளைச் சூடாக்கி அது விடும் ஒளியை அளப்பது என்றே இருந்தது. மங்கலான ஒளி, ஆட்டம் காணும் அளவு, ஒரு தனிமம் இன்னொன்றின் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் தொல்லை என எல்லாவற்றையும் சகித்துக்கொண்டார்கள்.

இந்த மறதியைக் கலைத்தவர் ஆலன் வால்ஷ். 1916இல் இங்கிலாந்தின் லங்காஷயரில் பிறந்தவர். போர்க்காலத்தில் உலோகக் கலவைகளின் வெளியிடு நிறமாலையை அளக்கும் வேலை. 1946இல் ஆஸ்திரேலியாவுக்கு வந்து, மெல்போர்னில் அந்நாட்டு அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வில் மூலக்கூறுகளின் நிறமாலையைப் படித்தார். ஆக, அவர் இரண்டு வீட்டிலும் குடியிருந்தவர். மூலக்கூறு ஆட்கள் எப்போதும் உட்கவரும் ஒளியை அளக்கிறார்கள். அணு ஆட்கள் எப்போதும் வெளிவிடும் ஒளியை அளக்கிறார்கள். ஏன்? 1952ஆம் ஆண்டின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோட்டவேலை செய்துகொண்டிருந்தபோது இந்தக் கேள்விக்கு உருப்படியான விடை எதுவும் இல்லை என்று அவருக்கு உறைத்தது. சக ஊழியருக்கு உடனே தொலைபேசியில், இத்தனை நாளும் தப்பான ஒன்றை அளந்துகொண்டிருக்கிறோம் என்று, கொஞ்சம் கெட்டவார்த்தை கலந்தே சொன்னாராம். மறுநாள் காலைத் தேநீர் வேளைக்குள் ஒரு சோடிய விளக்கையும் ஒரு சுடரையும் வைத்து, உப்புக் கரைசல் சுடரில் ஏறியதும் விளக்கொளி குறைவதை அவர்கள் பார்த்துவிட்டார்கள்.

அது ஏன் அத்தனை பெரிய விஷயம் என்பதற்கு ஒரு கணக்குப் போட வேண்டும். சுடர் என்றால் பயங்கரச் சூடு, அதில் விழுந்த அணுக்களெல்லாம் துள்ளிக்கொண்டிருக்கும் என்று நமக்குத் தோன்றும். உண்மை அப்படியில்லை. 3000 கெல்வின் வெப்பத்தில், எளிதில் துள்ளக்கூடிய சோடியத்திலேயே 10,000 அணுக்களில் ஆறு மட்டுமே மேல் நிலையில் இருக்கின்றன. துத்தநாகத்தை எடுத்துக்கொண்டால் சுமார் 180 கோடி அணுக்களுக்கு ஒன்று! மிச்சமுள்ள அத்தனையும் கீழ் நிலையில் சும்மா உட்கார்ந்திருக்கின்றன. வெளிவிடும் ஒளியை அளப்பவர் அந்த ஒற்றை அணுவின் குரலைக் கேட்டு ஊரின் மக்கள்தொகையைச் சொல்லப் பார்க்கிறார். போதாததற்கு, அந்த ஒன்றின் எண்ணிக்கை வெப்பத்தோடு சேர்ந்து தாறுமாறாக ஏறி இறங்கும். சுடர் வெறும் 10 டிகிரி மாறினால் சோடியத்தின் மஞ்சள் ஒளி சுமார் 3 சதவீதம் மாறிவிடும். கீழ் நிலையில் இருக்கும் அணுக்களின் எண்ணிக்கையோ அசையவே அசையாது. 10,000இல் 9,994 என்பது 9,993 ஆனால் யாருக்கு என்ன?

சும்மா இருக்கும் அணுக்களை எண்ண ஒரே வழி, அவற்றுக்குப் பிடித்த ஒளியை வெளியிலிருந்து அனுப்பி, எவ்வளவு திரும்பி வரவில்லை என்று பார்ப்பது. அதுதான் அணு உட்கவர் நிறமாலையியல். ஆய்வகங்களில் ஏ.ஏ.எஸ். என்றால்தான் எல்லோருக்கும் புரியும்.

யோசனை எளிது. செய்வதில் ஒரு முள் இருந்தது. சுடரில் இருக்கும் அணு விழுங்கும் ஒளியின் பட்டை மிகமிக ஒடுக்கம்: சுமார் 0.002 நானோமீட்டர். சாதாரண விளக்கின் வெள்ளை ஒளியை நல்ல கருவியால் பிரித்தாலும், கிடைக்கும் துண்டு 0.2 நானோமீட்டராவது அகலமிருக்கும். நூறில் ஒரு பங்கை அணுக்கள் முழுசாக விழுங்கினால்கூட மொத்த ஒளியில் குறைவது ஒரு சதவீதம். நெல் நிறைந்த பத்தாயத்தில் ஒரு கைப்பிடி அள்ளியதை, பத்தாயத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கச் சொல்வது போலத்தான். கருவியைப் பல மடங்கு கூர்மையாக்கலாம். ஆனால் அன்றைய விலையில் அது எந்தத் தொழிற்சாலைக்கும் கட்டுப்படியாகாது. வால்ஷின் உண்மையான கெட்டிக்காரத்தனம் தோட்டத்தில் தோன்றிய யோசனையில் இல்லை, இந்த முள்ளை எடுத்த விதத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். செம்பை அளக்க வேண்டுமா? செம்பையே விளக்காக எரியவிடு!

அதற்கான விளக்கின் பெயர் ஹாலோ கேத்தோடு விளக்கு. கையகலக் கண்ணாடிக் குழல். உள்ளே சிறு கிண்ணம் போன்ற எதிர்மின்வாய், அது எந்த உலோகத்தை அளக்கப்போகிறோமோ அதே உலோகத்தால் ஆனது. குழலுக்குள் மிகக் குறைந்த அழுத்தத்தில் நியானோ ஆர்கானோ இருக்கும். சில நூறு வோல்ட் கொடுத்தால் நியான் அயனிகள் கிண்ணத்தின் சுவரை மோதி அணுக்களைப் பெயர்த்தெடுக்கும். பெயர்ந்த செம்பு அணுக்கள் துள்ளி விழுந்து செம்பின் ஒளியை, செம்பின் ஒளியை மட்டுமே, மிக ஒடுக்கமான கோடுகளாக விடும். கூடவே நியானின் சிவப்பும் வரும், அதைப் பிரிப்பானே ஒதுக்கிவிடும். இப்போது கருவி துல்லியமாக இருக்க வேண்டிய தேவையில்லை. விளக்கே துல்லியம். செம்புக்கு 324.8, காரீயத்துக்கு 283.3, காட்மியத்துக்கு 228.8 என்று பூட்டுக்கேற்ற சாவியை வெளியிலேயே செய்து கொண்டுவந்தாகிவிட்டது.

இன்னொரு தொல்லை மிச்சம். சுடரும் தன் பங்குக்கு ஒளி விடுகிறதே, அதையும் சேர்த்து அளந்துவிட்டால்? விளக்கின் ஒளியை மட்டும் நொடிக்குப் பல முறை வெட்டி வெட்டி அனுப்பினார்கள். துடிக்கும் ஒளியை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள், நிலையாக வருவதை விட்டுவிடு என்று மின்சுற்றுக்குச் சொல்லியாயிற்று. சுடர் எவ்வளவு எரிந்தாலும் கருவியின் கண்ணுக்கு அது இருட்டு.

1954 மார்ச்சில் மெல்போர்னில் நடந்த இயற்பியல் கண்காட்சியில் இந்தக் கருவியை வைத்தார்கள். எட்டிப் பார்த்தவர்கள் மெனக்கெடவில்லை. 1955இல் வால்ஷின் கட்டுரை வெளியானது. அதே ஆண்டு நெதர்லாந்தின் அல்கமேடும் மிலாட்ஸும் தனியாக இதே வழியைக் கண்டு எழுதினார்கள். அப்போதும் பெரிய நிறுவனங்கள் அசையவில்லை. ஆஸ்திரேலிய வேளாண் ஆய்வாளர்கள்தான் முதலில் பிடித்துக்கொண்டார்கள். துத்தநாகமும் செம்பும் குறைந்து பயிர் வளராத நிலங்கள் அந்நாட்டில் ஏராளம். 1958இல் தாவரத்தில் இருக்கும் துத்தநாகத்தை இந்த முறையில் அளந்து காட்டினார்கள். வால்ஷின் சகா ஜான் வில்லிஸ் இரத்தத்தில் இருக்கும் கால்சியம், மக்னீசியம் பக்கம் போனார். மெல்போர்னின் சின்னச்சின்னப் பட்டறைகள் விளக்கையும் பர்னரையும் மின்சுற்றையும் தனித்தனிப் பாகமாகச் செய்து கொடுக்க, ஆய்வகங்கள் வாங்கி ஒட்டுப்போட்டுக்கொண்டன. 1960களில்தான் உலகம் விழித்தது. வால்ஷுக்கு 1977இல் சர் பட்டம்.

கருவி முன்னால் போய் நின்றால் என்ன தெரியும்? விளக்கைப் போட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் சூடேற விடுவார்கள்; அவசரப்பட்டால் எண் நகர்ந்துகொண்டே இருக்கும். பிறகு அசெட்டிலீனும் காற்றும் சேர்ந்து பற்றும். பர்னரின் தலையில் வட்ட ஓட்டை கிடையாது, 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு மெல்லிய பிளவு. அதன்மேல் நிற்பது 2300 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு நீலத் திரை. விளக்கின் ஒளி இந்தத் திரையின் நீளவாக்கில் போகும். பாதை நீண்டால் சந்திக்கும் அணுக்களும் கூடும் அல்லவா?

ஊசி கனமுள்ள பிளாஸ்டிக் குழாயின் நுனியை உதவியாளர் சோதனைக் கரைசலில் விடுகிறார். உறிஞ்சும் ஓசை மெதுவாகக் கேட்கும். உள்ளே இருப்பது நெபுலைசர். மூச்சுத்திணறலுக்கு ஆஸ்பத்திரியில் வைப்பதும் அதே தத்துவம்தான். கரைசல் புகையாக உடைகிறது. பெருந்துளிகள் வழிந்து கழிவுக்குழாய்க்குப் போய்விடும். ஊற்றியதில் பத்தில் ஒரு பங்குகூடச் சுடரை எட்டுவதில்லை. எட்டிய துளியில் முதலில் நீர் ஆவியாகும், பிறகு உப்பு உருகும், உடையும், கடைசியில் தனி அணு. அந்த அணு விளக்கொளியின் பாதையைக் கடந்து மேலே போக ஆயிரத்தில் சில பங்கு நொடி. இந்த அவகாசத்துக்குள் அது தன் ஒளியை விழுங்க வேண்டும். யாராவது விரல் பட்ட குழாயை அப்படியே விட்டுவிட்டால், நீலத் திரை ஒரு கணம் மஞ்சளாகும். வியர்வையின் உப்பு. அனுபவப்பட்டவர்கள் அந்த மஞ்சளைப் பார்த்தே முகம் சுளிப்பார்கள்.

எண்ணைப் படிப்பதில் ஒரு நுட்பம் உண்டு. லிட்டருக்கு 4 மில்லிகிராம் செம்பு இருக்கும் நீரை ஏற்றினால், நன்றாகச் சீர்செய்த கருவியில் 37 சதவீத ஒளி காணாமல் போகும். 8 மில்லிகிராம் என்றால் 74 சதவீதம் போகாது, சுமார் 60தான் போகும். முதல் 4 மில்லிகிராம் 37 சதவீதத்தை எடுத்துவிட்டது. அடுத்த 4 மில்லிகிராம் எஞ்சியதில்தான் 37 சதவீதத்தை எடுக்கிறது. ஆகவே சதவீதத்தை விட்டுவிட்டு, அனுப்பிய ஒளிக்கும் மிஞ்சிய ஒளிக்கும் உள்ள விகிதத்தின் மடக்கையை எடுத்துக்கொள்கிறார்கள்: முதலாவதற்கு 0.2, இரண்டாவதற்கு 0.4. இது நேர்கோடு. அளவு தெரிந்த நான்கைந்து கரைசல்களை ஏற்றிக் கோட்டை வரைந்துகொண்டு, அளவு தெரியாததன் எண்ணை அதில் பொருத்திப் படிக்க வேண்டியதுதான். கோடு எந்த உயரத்துக்கு மேல் வளையத் தொடங்குகிறது என்று தெரிந்திருப்பது நல்ல ஆய்வாளருக்கு அடையாளம். அங்கே கரைசலை நீர்த்துப்போகச் செய்து மறுபடி ஏற்றுவார். மற்றவர் வளைந்த கோட்டிலேயே படித்துவிட்டுப் போவார்.

இவ்வளவும் பொருள் கரைசலாகக் கைக்கு வந்த பிறகு. மஞ்சள்தூளில் காரீயம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் தூளைச் சுடரில் தூவ முடியாது. அரை கிராம் தூளை நைட்ரிக் அமிலத்தில் போட்டு, மூடிய கலத்தில் அழுத்தத்தோடு சூடாக்கி, மஞ்சளின் நிறமும் மணமும் நாரும் எல்லாம் எரிந்து தெளிந்த நீராகும்வரை செரிக்க வைக்க வேண்டும். அதை 50 மில்லிலிட்டராக்கிவிட்டால், கிலோவுக்கு 10 மில்லிகிராம் காரீயம் இருந்த தூள், லிட்டருக்கு 0.1 மில்லிகிராமாக நீர்த்துப்போகும். பளபளப்புக்காக லெட் குரோமேட் கலக்கும் அநியாயம் நம் துணைக்கண்டத்தில் நடக்கிறது என்பதால் இந்தக் கணக்கு வெறும் பாடநூல் கணக்கு அல்ல. 0.1 மில்லிகிராம் என்பது சுடருக்குத் தெரியும், ஆனால் அடித்துச் சொல்லும் அளவுக்குத் தெரியாது. இதற்கிடையில் கண்ணாடிச் சீசா அமிலத்தில் ஊறிக் கழுவப்படாவிட்டால், அமிலமே மட்டமான ரகமாக இருந்தால், மேசைத் தூசி விழுந்தால், அதில் வரும் காரீயமும் மஞ்சளின் தலையில் விழும். அதனால்தான் தூளே போடாத வெறும் அமிலத்தையும் அதே பாடு படுத்தி அளந்து கழிப்பார்கள். பிளாங்க் என்பார்கள். பிளாங்க் சரியில்லாத ஆய்வகத்தில் எத்தனை லட்ச ரூபாய்க் கருவி இருந்தும் பயனில்லை.

சுடருக்குள்ளும் குழப்படிகள் உண்டு. பாலிலோ எலும்பிலோ கால்சியம் பார்க்கப் போனால், கூடவே இருக்கும் பாஸ்பேட் கால்சியத்தை விடாது பிடித்துக்கொள்ளும், அணு பிரியாது, எண் குறைவாக வரும். தீர்வு, லாந்தனம் உப்பைத் தாராளமாகக் கலப்பது. பாஸ்பேட் லாந்தனத்தைக் கட்டிக்கொள்ள, கால்சியம் விடுதலையாகிவிடும். அலுமினியம், சிலிக்கான் போன்றவை ஆக்சிஜனை விடவே விடாது. அவற்றுக்கு நைட்ரஸ் ஆக்சைடும் அசெட்டிலீனும் கலந்து 2700 டிகிரிக்கு மேல் எரியும் சுடர் வேண்டும். இந்தக் கலவையைக் கொண்டுவந்தவரும் அதே வில்லிஸ்தான். அதை நேராகப் பற்றவைக்கக் கூடாது. காற்றில் பற்றவைத்து, பிறகு மாற்ற வேண்டும். மறந்தால் சுடர் உள்ளே பாய்ந்து வெடிக்கும்.

சுடரின் பெரிய குறை, அணுவுக்கு அது கொடுக்கும் அவகாசம் போதாது என்பது. லெனின்கிராடில் இளம் ஆய்வாளர் போரிஸ் ல்வோவ் வால்ஷின் கட்டுரையைப் படித்துவிட்டு வேறொரு வழிக்குப் போனார். சுடரையே தூக்கி எறிந்துவிட்டு, கார்பன் குழாய் ஒன்றை மின்சாரத்தால் சூடாக்கி அதற்குள் பொருளை ஆவியாக்கினார். 1959இல் வெளிவந்த இந்த யோசனையை ஹான்ஸ் மாஸ்மன் 1960களின் கடைசியில் எளிமைப்படுத்த, கிராபைட் உலை பிறந்தது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளக் குழாய். 20 மைக்ரோலிட்டர், அதாவது ஒரு சொட்டில் பாதி, போதும். முதலில் 110 டிகிரியில் உலர்த்தல், பிறகு சில நூறு டிகிரியில் கரிம அழுக்கை எரித்தல், பிறகு ஒரே மூச்சில் 2000 டிகிரி. வெள்ளை வெளேரென்று குழாய் ஒளிரும் அந்தச் சில நொடிகளில் அத்தனை அணுவும் குழாய்க்குள்ளேயே அடைபட்டு நிற்கும். சுடரைவிட நூறு மடங்குக்கும் மேல் நுட்பம். விலை, பொறுமை: ஒரு மாதிரிக்கு இரண்டு மூன்று நிமிடம்.

ஆர்செனிக்குக்கு வேறு தந்திரம். அதன் கோடு 193.7 நானோமீட்டரில் இருக்கிறது. அந்த இடத்தில் சுடரே ஒளியை விழுங்கிவிடும். அதனால் கரைசலில் சோடியம் போரோஹைட்ரைடு சேர்த்து ஆர்செனிக்கை ஆர்சைன் வாயுவாக்கி, வாயுவை மட்டும் சூடான குவார்ட்ஸ் குழாய்க்கு அனுப்புவார்கள். நஞ்சிட்டுக் கொன்ற வழக்குகளுக்காக 1836இல் ஜேம்ஸ் மார்ஷ் கண்ட சோதனையும் இதே வாயுவைத்தான் நம்பியது. கங்கைச் சமவெளியில் இந்த முறை செய்த வேலை பெரிது. அழுக்குக் குளத்து நீரைக் குடித்து வயிற்றுப்போக்கில் குழந்தைகள் சாகாமல் இருக்க 1970கள் முதல் வங்கத்தில் லட்சக்கணக்கில் ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டார்கள். அந்த நீரில் கிருமி இல்லை. ஆர்செனிக் இருந்தது. 1983இல் கொல்கத்தாவில் தோல் மருத்துவர் கே.சி. சாகா நோயாளிகளின் உள்ளங்கைத் தடிப்பைப் பார்த்துச் சந்தேகப்பட்டார். பின்னர் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபாங்கர் சக்ரவர்த்தி குழு, ஊர் ஊராகக் கிணற்று நீரையும் முடியையும் நகத்தையும் இந்த ஹைட்ரைடு முறையில் அளந்து, அரசுகள் மறுக்க முடியாத அளவுக்கு எண்களைக் குவித்தது.

பாதரசத்துக்குச் சூடே வேண்டாம். அறை வெப்பத்திலேயே தனி அணுக்களாக ஆவியாகும் ஒரே உலோகம் அது. ஸ்டானஸ் குளோரைடு சேர்த்து, காற்றை ஊதினால் ஆவி வரும்; 253.7 நானோமீட்டர் ஒளியின் குறுக்கே விட்டால் கணக்கு முடிந்தது. கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலையைச் சுற்றியுள்ள பாசியிலும் மரப்பட்டையில் படரும் லைக்கனிலும் பாதரசம் ஏறியிருப்பதை ஆய்வாளர்கள் அளந்து எழுதியிருக்கிறார்கள். ஒரே மலையில் ஒருபுறம் சூரியனின் கறுப்புக் கோடுகளைப் படித்தார்கள். மறுபுறம் பாசியில் நஞ்சைத் தேட வேண்டியிருந்தது.

இன்று பெரிய ஆய்வகங்கள் ஐ.சி.பி. கருவிகளுக்கு மாறிவிட்டன. ஆர்கான் பிளாஸ்மாவின் 6000 கெல்வினுக்கு மேற்பட்ட சூட்டில், துத்தநாகம் போன்றவற்றில் துள்ளும் அணுக்களின் பங்கு பல்லாயிரம் மடங்கு கூடிவிடுகிறது. வால்ஷ் ஒதுக்கிய வெளிவிடு ஒளி அங்கே மறுபடி சிம்மாசனம் ஏறியிருக்கிறது. பல தனிமங்களை ஒரே மூச்சில் அளக்கிறது. ஏ.ஏ.எஸ்.ஸின் தீராத குறை, ஒரு நேரத்தில் ஒரு தனிமம், ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கு என்பது. ஆனாலும் கல்லூரி, மண் பரிசோதனை நிலையம், தொழிற்சாலைத் தரப்பிரிவு என்று, நாளுக்கு ஓரிரு உலோகம் மட்டும் பார்க்கும் இடங்களில் அதுதான் மலிவு, அதுதான் கையாள எளிது. அதை ஓய்வு கொடுத்து அனுப்பும் காலம் இன்னும் வரவில்லை.

கடைசியாக ஒரு நடைமுறைச் செய்தி. உங்கள் வீட்டுப் போர்வெல் தண்ணீரைச் சோதிக்கக் கொடுத்தால், அறிக்கையில் காரீயத்துக்கு நேரே பெரும்பாலும் ‘பி.டி.எல்.’ என்று மூன்றெழுத்து இருக்கும். கண்டறியும் வரம்புக்குக் கீழே என்று பொருள். இல்லை என்று பொருளல்ல. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரப்படி காரீயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. சுடர் முறையின் கண்டறியும் வரம்பே ஏறக்குறைய அந்த இடத்தில்தான், பல கருவிகளில் அதற்கு மேலேயும்தான், இருக்கிறது. தரத்தைப்போல இரண்டு மடங்கு காரீயம் இருந்தாலும் பழைய சுடர்க் கருவி கவலையில்லாமல் பி.டி.எல். என்று எழுதிக் கொடுக்கும். கிராபைட் உலையிலோ ஐ.சி.பி.யிலோ பார்த்திருந்தால் அதே மூன்றெழுத்துக்கு வேறு மதிப்பு. எனவே அறிக்கையை வாங்கும்போது, எந்த முறையில் பார்த்தீர்கள், உங்கள் கண்டறியும் வரம்பு எவ்வளவு என்ற இரண்டையும் கேட்டு, தாளிலேயே எழுதி வாங்குங்கள். நல்ல ஆய்வகம் கேட்காமலேயே எழுதியிருக்கும். எழுத மறுக்கும் ஆய்வகத்தில் இன்னொரு முறை பணம் கட்டாதீர்கள்.